பழுது என்று சொல்வது யார்?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூரின் திவானாக 1789 முதல் 1798 வரை விளங்கிய ராஜா கேசவதாசின் காலத்தில் உருவானது. அதை ஒட்டிய ஆரியசாலையில் தமிழும் மலையாளமும் அன்று முதல் ஒரே தராசில் நிறுக்கப்பட்டு வருகின்றன. பொருள் விற்பவர் ஒரு மொழியில் விலை சொல்வார்; வாங்குபவர் மறுமொழியில் பேரம் பேசுவார். நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து இங்குள்ள பகவதி ஆலயத்திற்கே எழுந்தருள்கிறார். இத்தகைய ஓர் இடத்தில் ஒரு சொல் எந்த மொழிக்கு உரியது, அதன் பொருள் என்ன என்ற கேள்வி அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. அது அன்றாட வியாபாரத்தின் கேள்வி.

தேய்ந்ததையும் உடைந்ததையும் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் துணி நைகிறது. கயிறு இற்றுப்போகிறது. மரம் உளுக்கிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. ஓலையைச் செல் அரிக்கிறது. கத்தி மழுங்குகிறது. பித்தளைக் குடம் நெளிகிறது. மண்குடம் விரிசல் விடுகிறது. சாயம் வெளிறுகிறது, சுவரின் காரை பெயர்கிறது, பல் சொத்தையாகிறது, சோறு ஊசிப்போகிறது. இவற்றில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. ‘நைந்த இரும்பு’ என்றோ ‘உளுத்த கயிறு’ என்றோ தமிழறிந்த குழந்தைகூடச் சொல்லாது. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய முறையில் மூப்படைகிறது என்பதைப் பலகாலம் உடனிருந்து பார்த்தவர்களே இச்சொற்களை உண்டாக்கியிருக்க வேண்டும். தறியில் இருந்தவருக்குத்தான் நைவதற்கும் கிழிவதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். முன்னது காலத்தின் வேலை. பின்னது ஒரு கணத்தின் வேலை. இன்று புடவை முதல் செல்பேசி வரை எல்லாவற்றிற்கும் ‘டேமேஜ்’ என்ற ஒரே சொல் போதுமானதாகிவிட்டது. சொல் குறைந்ததைவிட, பொருளுடன் நாம் வாழும் காலம் குறைந்ததே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

மலையாளம் இதே வேர்களிலிருந்து வேறு கிளைகளை வளர்த்திருக்கிறது. வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் மலையாளத்தில் அது ‘கேடாயி’. தமிழில் கேடு என்பது பெரும்பாலும் வாழ்வின் அழிவையோ ஒழுக்கத்தின் அழிவையோ குறிக்கும் கனமான சொல். ஒரு சைக்கிளுக்கு நாம் அதைச் செலவிடுவதில்லை. இரும்பின் துரு அங்கே ‘துரும்பு’. இங்கே துரும்பு என்றால் பல் குத்த உதவும் சிறு குச்சி. எல்லாவற்றிலும் வியப்பானது ‘பழுது’. தமிழில் அது குறை. பழுதடைந்த பாலம் என்றால் ஏறக் கூடாத பாலம். மலையாளத்தில் ‘பழுது’ என்றால் இடைவெளி, சந்து. எனவே ‘பழுதடச்ச’ விசாரணை என்று அங்கே சொன்னால், இடுக்கெல்லாம் அடைக்கப்பட்ட, குறையே இல்லாத விசாரணை என்று பொருள். ஏறக்குறைய ஒரே ஒலி. ஒருவர் காதில் அது சிதைவு, இன்னொருவர் காதில் அது முழுமை.

ஆரியசாலைக்கு அருகிலுள்ள வலியசாலையைப் பழைய காந்தளூர்ச் சாலையின் இடமாகக் கருதுவோர் பலர். முதலாம் இராஜராஜனின் கல்வெட்டுகள் அச்சாலையில் அவன் ‘கலம் அறுத்த’ செய்தியைப் பெருமையுடன் கூறுகின்றன. கலம் என்பது கப்பலா, உண்கலமா, அல்லது வழக்கு ஆவணமா? அறுத்தல் என்பது அழித்தலா, வரையறுத்தலா, தீர்த்துவைத்தலா? அறிஞர்கள் பல ஆண்டுகளாக வாதிட்டார்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இது குறித்து ஒரு நூலே எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏதோ ஒன்று உடைந்ததா அல்லது ஒழுங்குபட்டதா என்பது இரண்டு சொற்களின் பொருளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி, இச்சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் அறக்கேள்விக்கு வருவோம். ‘இந்தப் புத்தகத்தின் முதுகு பிரிந்திருக்கிறது’ என்பது ஒரு செய்தி. ‘இந்தப் புத்தகம் உதவாது’ என்பது ஒரு தீர்ப்பு. முதல் வாக்கியம் பொருளைப் பற்றியது. இரண்டாவது, பொருளுக்கும் பேசுபவருக்கும் உள்ள உறவைப் பற்றியது. ஆனால் பேச்சில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பழையது, கந்தல், குப்பை, கூளம் ஆகிய சொற்கள் செய்தி போலத் தோன்றி, தீர்ப்பாகவே செயல்படுகின்றன. அவற்றைச் சொன்ன மாத்திரத்தில் அடுத்த செயல் முடிவாகிவிடுகிறது: தூக்கி எறி.

இதற்குத் தமிழுலகம் கொடுத்த விலையை உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியரின் ஏட்டுச் சுவடிகள் இருப்பதாக அறிந்து அவர் அங்கே சென்றார். சுவடிகள் கூளம்போலக் கிடந்தன என்றும், பழுதுபட்ட ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்ய வேண்டும் என்று ஆகமம் கூறுவதால் அவ்வாறே செய்துவிட்டதாகவும் அங்கிருந்தவர் விடையளித்தார். எந்தெந்த நூல்கள் அந்தத் தீயில் சென்றன என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அங்கே யாரும் தீய எண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்தியுடன், விதிப்படி, நெய்யுடன் அச்செயல் நடந்தது. தவறு ஹோமத்தில் இல்லை. அதற்கு முன்பு உச்சரிக்கப்பட்ட ‘பழுது’ என்ற சொல்லில் இருந்தது. ஏட்டின் ஓரம் பழுதுபட்டிருந்தது. எழுத்து பழுதுபட்டதா என்று படித்துப் பார்க்கத் தெரிந்தவர் எவரும் அப்போது அருகில் இல்லை.

இதற்கு மறுகோடியில் அதே ஐயரவர்களின் பதிப்பு முறை நிற்கிறது. ஏடு சிதைந்த இடத்தில் அவர் தாமாகச் சொற்களை இட்டு நிரப்பவில்லை. புள்ளிகளை இட்டு வெற்றிடமாகவே விட்டார். புறநானூற்றில் 267, 268 என்னும் எண்களுக்கு உரிய பாடல்கள் கிடைக்கவில்லை. எண்கள் மட்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. நானூறு என்ற கணக்கைக் காப்பதற்காகப் போலிப் பாடல் எதுவும் சேர்க்கப்படவில்லை. இல்லாததை மறைப்பதற்காக எண் மாற்றப்படவும் இல்லை. குறையை அதன் சரியான அளவில் சொல்வதற்கு இதைவிட நேர்மையான வழி உண்டா என்று தெரியவில்லை.

சரியான அளவில் சொல்வது எளிதன்று. குறையை மிகுத்துச் சொல்லும் பழக்கம் ஒருபுறம் இருக்க, அதை மெழுகிச் சொல்லும் பழக்கம் மறுபுறம் இருக்கிறது. நம் இலக்கணிகள் மங்கல வழக்கு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டுகள். வீட்டில் பெரியவர்கள் விளக்கு அணைந்தது என்று சொல்வதில்லை; தாலிக்கயிறு அறுந்தாலும் அச்சொல்லைத் தவிர்த்துப் ‘பெருகிற்று’ என்பார்கள். இது பொய்யா? வாய்மையை வாழ்வின் அடித்தளமாகக் கொண்ட மரபு இதை எப்படி ஏற்றது?

மங்கல வழக்கைக் கேட்பவர் எவரும் ஏமாறுவதில்லை என்பதே இதற்கு விடை. ‘பெருகிற்று’ என்று கேட்டவுடன் அந்த வீட்டுச் சிறுமி புதிய சரடு எடுத்து வருகிறாள். விளக்கு உண்மையில் பெருகி எரிகிறது என்று நம்பி இருட்டில் யாரும் தடுக்கி விழுவதில்லை. சொல்பவரும் கேட்பவரும் உண்மையைத் தெரிந்துகொண்டே அதன் கூர்மையை மட்டும் உறையில் இடுகிறார்கள். நெளிந்த குடத்தைத் திருப்பி வைத்து ‘புத்தம் புதுசு’ என்று விற்பதோ வேறு வகை. அங்கே சொல்லை நம்புவதால் கேட்பவருக்கு இழப்பு நேர்கிறது. மென்மையான சொல் அறத்திற்கு உட்பட்டதா இல்லையா என்பதை அதன் இனிமை முடிவு செய்வதில்லை. அதை நம்புபவருக்கு என்ன நேர்கிறது என்பதே முடிவு செய்கிறது. (நகைக்கடைகள் இவ்விஷயத்தில் ஒருவகையில் நேர்மையானவை. கன்னி கழியாத புதுச் சங்கிலிக்கும் ‘சேதாரம்’ என்று கணக்கு எழுதுகிறார்கள். கேரளத்தில் அதையே ‘பணிக்குறவு’ என்பார்கள். எந்தப் பொருளும் சேதம் இல்லாமல் உருவாவதில்லை என்ற தத்துவத்தை ரசீதில் அச்சிடுபவர்கள் அவர்கள் மட்டுமே.)

நம் பேச்சில் இன்னொரு மெழுகலும் உண்டு. கெட்டுப்போயிற்று, கிழிந்துபோயிற்று, உடைந்துபோயிற்று என்ற தன்வினைகளில் செய்தவர் இல்லை. கண்ணாடிக் குவளை தானாகவே உடைந்து, தானாகவே எங்கோ ‘போயிற்று’. குவளையைக் கைநழுவ விட்ட குழந்தை இந்த இலக்கணத்தை எவரும் கற்பிக்காமலே பயன்படுத்துகிறது. பெரியவர்களும் பெரிய விஷயங்களில் இதையே செய்கிறார்கள். ‘உறவு விட்டுப்போயிற்று’ என்போமே தவிர, விட்டவர் பெயரைச் சொல்வதில்லை.

வடமொழி மரபு இவ்விடத்தில் நுட்பமான ஒரு வேறுபாட்டைத் தருகிறது. யாஸ்கர் தமது நிருக்தத்தில், தோன்றுவது எதற்கும் ஆறு நிலைகள் உண்டு என்ற பழைய கருத்தை எடுத்துரைக்கிறார்: பிறத்தல், இருத்தல், மாறுதல், வளர்தல், தேய்தல், அழிதல். தேய்தல் ஐந்தாவது, அழிதல் ஆறாவது. இரண்டும் வேறு வேறு. மனித மனமோ ஐந்தாவதைக் கண்டவுடன் ஆறாவதன் பெயரைச் சூட்டிவிடுகிறது.

தேய்ந்ததற்கு அம்மொழியில் வழங்கும் சொல் ‘ஜீர்ணம்’. அதன் வேரிலிருந்தே முதுமையைக் குறிக்கும் ‘ஜரை’ பிறக்கிறது. உணவு செரிப்பதைக் குறிக்கும் ‘ஜீரணமும்’ அதே வேரிலிருந்துதான் பிறக்கிறது. மேற்போக்காகப் பார்த்தால் இது விந்தையான சேர்க்கை. நைந்த வேட்டிக்கும் செரித்த சோற்றுக்கும் என்ன உறவு? ஆழ்ந்து நோக்கினால் இரண்டும் ஒன்றையே செய்திருக்கின்றன. சோறு தன் உருவை இழந்து உண்டவரின் வலிமையாகிவிட்டது. வேட்டி தன் இழைகளை இழந்து உடுத்தவரை வெயிலிலிருந்தும் குளிரிலிருந்தும் காத்துவிட்டது. ஜீர்ணம் என்பது கெட்டுப்போனதன் பெயரன்று. கொடுத்து முடித்ததன் பெயர். கும்பாபிஷேகப் பத்திரிகைகளில் ‘ஜீர்ணோத்தாரணம்’ என்ற சொல்லைக் காண்கிறோம். நூற்றாண்டுகளாக மழையைத் தாங்கிய கோபுரத்தைத் தூக்கி நிறுத்துவது அது. ஜீர்ணமானதை அகற்றுவது மட்டுமே விதி என்றால் அந்தச் சொல்லே பிறந்திருக்காது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் இச்சொல்லைத்தான் கையாள்கிறார். நைந்த ஆடைகளைக் களைந்து மனிதன் புதியன அணிவதுபோல, ஆத்மா நைந்த உடல்களை விட்டுப் புதியவற்றை அடைகிறது. இதைக் கேட்கும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். குழந்தையை இழந்த தாய்க்கு அது ஐயமாகக்கூட இராது, கதறலாக இருக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் உடல் எப்போது நைந்தது? வேதாந்த மரபு தரும் விடை இது: ஆடையின் நைவு வருடங்களால் அளக்கப்படுவதன்று; எந்தப் பிராரப்தத்திற்காக அது எடுக்கப்பட்டதோ அது தீர்ந்ததும் ஆடை ஜீர்ணமாகிறது. இவ்விடை தாயின் கண்ணீரைத் துடைக்கும் என்று சொல்ல முடியாது. அத்தருணத்தில் அதைச் சொல்லாமல் இருப்பதே மேல். ஆனால் அவ்வுவமையில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று இருக்கிறது. ஆடையைக் களைபவன் அதை உடுத்தியிருப்பவனே. பக்கத்து வீட்டுக்காரன் வந்து, ‘உன் ஆடை நைந்துவிட்டது, கழற்று’ என்று சொல்வதாக பகவான் கூறவில்லை. ஓர் உடல் ஜீர்ணமாயிற்று என்று அறிவிக்கும் அதிகாரம், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த சுலோகத்தில் தரப்படவே இல்லை.

அந்த அதிகாரத்தை நாம் அன்றாடம் எடுத்துக்கொள்கிறோம். பொருள்களுக்காகப் பிறந்த சொற்களை மனிதர்கள்மேல் ஏற்றுகிறோம். ஓட்டை உடைசல், கிழடு, துருப்பிடித்த மூளை, உளுத்துப்போன குடும்பம். சாலைத் தெருவிலேயே பல காலம் கடை நடத்திய எழுத்தாளர் ஆ.மாதவன் (1934–2021) தம் கதைகளுக்குப் பெரிதும் தேர்ந்துகொண்டது, தெரு ‘உதவாதவர்’ என்று கழித்துவிட்ட கூலிகளையும் நாடோடிகளையும்தான். கடைக்காரரின் கண்ணுக்குக் கழிவு எதுவென்று நன்றாகத் தெரியும். அவர் அந்தக் கண்ணை மனிதர்கள்மேல் அவ்வாறே திருப்ப மறுத்தார்.

அரசுகளும் சொற்களை மாற்றியிருக்கின்றன. 2010-இல் தமிழக அரசு ‘ஊனமுற்றோர்’ என்பதை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற பெயரை ஏற்றது. கேரளத்தில் முன்பு ‘விகலாங்கர்’ என்று வழங்கியவர்கள் இன்று ‘பின்னசேஷிக்கார்’. பின்னம் என்ற வடசொல்லுக்கு உடைந்தது என்றும் பொருள்; வேறுபட்டது என்றும் பொருள். தமிழில் பின்னமான விக்கிரகம் என்றால் வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்டது. அதே சொல், எல்லைக்கு அப்பால், ‘வேறுவகை ஆற்றல் உடையவர்’ என்ற மதிப்பைச் சுமந்து நிற்கிறது. இம்மாற்றங்களை வெறும் மெழுகல் என்று ஏளனம் செய்பவர்களும் உண்டு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டாமல் பெயரை மட்டும் மாற்றினால் அவ்வேளனம் நியாயமானதே. ஆனாலும் பெயர் மாறாத இடத்தில் சாய்தளம் கட்டவேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை என்பதையும் மறுக்க இயலாது.

பின்னமான விக்கிரகம் என்றவுடன் தட்சிணேசுவரம் நினைவுக்கு வருகிறது. 1855 மே 31 அன்று ராணி ராசமணியின் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவ்வாண்டு கிருஷ்ண ஜயந்திக்கு மறுநாள், கோவிந்தரின் விக்கிரகத்தைச் சயன அறைக்கு எடுத்துச் சென்ற அர்ச்சகர் க்ஷேத்திரநாதர் வழுக்கி விழ, விக்கிரகத்தின் கால் உடைந்தது. பண்டிதர்கள் கூடினார்கள். உடைந்ததைக் கங்கையில் விட்டுப் புதியதை நிறுவ வேண்டும் என்பது அவர்களது தீர்ப்பு. சாஸ்திரப்படி அதில் குறை காண முடியாது. ஸ்ரீராமகிருஷ்ணரைக் கேட்டபோது அவர் எதிர்க்கேள்வி ஒன்றை எழுப்பினார்: ராணியின் மருமகன் ஒருவருக்குக் கால் முறிந்தால், அவரை விட்டுவிட்டு வேறொருவரை அவரிடத்தில் வைப்பார்களா, வைத்தியம் பார்ப்பார்களா? பின்னர் அவரே முறிந்த காலை, ஒட்டு தெரியாதபடி பொருத்திக் கொடுத்தார்.

பிற்காலத்தில் ஒரு ஜமீன்தார் அவரிடம், அங்குள்ள கோவிந்தர் உடைந்தவரா என்று கேட்டார். அகண்டமாக இருப்பவர் எப்படி உடைய முடியும் என்று பரமஹம்சர் அவரது அறியாமையைச் சுட்டிக்காட்டினார்.

இவ்விரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றுகின்றன. முதலாவதில் கால் முறிந்தது என்பதை அவர் முழுமையாக ஒப்புக்கொள்கிறார். மருமகன் உவமையே அதன்மேல்தான் நிற்கிறது. இரண்டாவதில் முறிவே இல்லை என்கிறார். பானை உடையலாம், மண் உடைவதில்லை என்று உத்தாலகர் தம் மகனுக்குக் கற்பித்த உபநிஷத உண்மையைக் கொண்டு இதை விளக்கிவிடலாம். விகாரம் சொல்லளவில்தான் இருக்கிறது, பொருளில் இல்லை. அவ்விளக்கம் சரியே. எனினும் யாரிடம் எதைச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். எறிய முனைந்தவர்களிடம் அவர் அகண்ட தத்துவத்தைப் பேசவில்லை. ‘கோவிந்தர் உடையவே இல்லை’ என்று சொல்லிக் காலைப் பொருத்தாமல் விட்டுவிடவும் இல்லை. அவர்களிடம் முறிவை முறிவு என்றே சொல்லி, மருந்து கேட்டார். வேடிக்கையாக விசாரித்தவரிடமோ முறிவு என்ற சொல்லையே கொடுக்க மறுத்தார். குணப்படுத்த வேண்டியிருக்கும்வரை குறைக்குப் பெயர் தேவைப்படுகிறது. குணமான பிறகும் அந்தப் பெயரைச் சுமந்து திரிபவர்கள் அதை விக்கிரகத்திற்காகச் சுமப்பதில்லை.

வரலாறு இன்னொரு செய்தியையும் வைத்திருக்கிறது. விக்கிரகம் குணமடைந்தது, வழுக்கி விழுந்த க்ஷேத்திரநாதர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவரது இடம், இருபது வயது நிரம்பாத ஸ்ரீராமகிருஷ்ணருக்கு வந்தது. தாம் பொருத்திய அந்தப் பாதத்திற்கு அன்றாடம் துளசியும் சந்தனமும் சாத்தும் பொறுப்பு அதன்பின் அவருடையதாயிற்று.